இறக்குமதி வரியை வகுப்பில் ஆட்டமாக நடத்த எது சரிவரும்? (+2 பொருளியல், 42 பேர், 45 நிமிடம்)

மேல்நிலைப்_பொருளியல்:

வணக்கம். +2-வில் பன்னாட்டுப் பொருளியல் பாடம் தொடங்க வேண்டும். ஒப்பீட்டுச் செலவு நன்மை (ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் செலவு குறைந்ததைச் செய்து மற்றதை வாங்கினால் இருவருக்கும் லாபம் என்பது), இறக்குமதி வரி இரண்டையும் கரும்பலகையில் போட்டால் வரைபடத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். "நாம் போடும் வரியைக் கட்டுவது யார்?" என்று கேட்டால் "வெளிநாட்டுக்காரன்" என்கிறார்கள்.

42 பேர். 45 நிமிட பீரியட். இரண்டு பீரியட் ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. அட்டை, நகல் தவிர வேறு செலவு இல்லை. காகிதத்தை வெட்டி வடிவங்கள் செய்து வங்கியில் விற்கும் ஆட்டத்தைப் பயிற்சிகளில் சொல்கிறார்கள். அதற்குள் வரியை நுழைக்க முடியுமா, இல்லை வேறு ஆட்டம் வேண்டுமா? எண்களோடு சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வேன்.

கத்திரிக்கோல்:

காகித ஆட்டம் நல்ல ஆட்டம், ஆனால் உங்கள் கேள்விக்கு அது விடை இல்லை மேடம்.

அதன் அமைப்பு இதுதான். 7 பேர் கொண்ட 6 குழுக்கள். இரண்டு குழுவுக்கு 2 கத்திரிக்கோல், 2 அளவுகோல், 1 கவராயம், 1 கோணமானி, ஒரே ஒரு ஏ4 தாள். அடுத்த இரண்டுக்கு 1 கத்திரிக்கோல், 1 அளவுகோல், 4 தாள். கடைசி இரண்டுக்கு 10 தாள், 2 பென்சில், வேறெதுவும் இல்லை. முக்கோணத்துக்கு 100, செவ்வகத்துக்கு 200, வட்டத்துக்கு 400 என்று வங்கி விலை கொடுக்கும். பாதியில் "முக்கோணம் குவிந்துவிட்டது, இனி 60" என்று அறிவித்தால் வாணிக வீதம் (நம் பொருளைக் கொடுத்தால் அடுத்தவர் பொருள் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு) என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிடும்.

வரி இதில் ஏன் ஒட்டாது என்றால், குழுக்கள் எத்தனை வடிவம் கொண்டுவந்தாலும் வங்கி தான் அறிவித்த விலைக்கு வாங்கிக்கொள்கிறது. அதாவது இந்த ஆட்டத்தில் நுகர்வோரே கிடையாது. வரியால் முதலில் அடிபடும் ஆள் களத்தில் இல்லாதபோது வரி போட்டு என்ன காட்டுவது? குழுக்களுக்கு இடையே தாள் நகரும்போது பத்துக்கு ஒன்று பிடுங்கலாம். அது வழிப்பறி மாதிரித்தான் தெரியும், விலை எதுவும் ஏறாது.

ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் இதை எடுங்கள். அப்போது வங்கியில் ஒருவர் போதாது, மூன்று பேர் வேண்டும். வரிசை நீண்டால் பிள்ளைகள் வெட்டுவதை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்பார்கள். அளவு பார்க்க அட்டையில் வெட்டிய மாதிரி வடிவம் ஒன்று வங்கியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாதி நேரம் "இது வட்டமா?" என்ற சண்டையில் போய்விடும்.

சந்தைச்சீட்டு:

வரிக்கு வேண்டியது பேரச் சந்தை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. வாங்குபவர் சீட்டில் அவர் கொடுக்கத் தயாரான உச்ச விலை, விற்பவர் சீட்டில் அவருடைய அடக்கவிலை. பொருளியலாளர் சேம்பர்லின் 1948-இல் எழுதிய வகுப்பறைச் சோதனையும், அதை வளர்த்தெடுத்து 2002-இல் நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித்தின் சோதனைகளும் அடிப்படையில் இதுவே. பொருள் சமையல் எண்ணெய் என்று வையுங்கள், ஆளுக்கு ஒரு டின். இந்தியா தன் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது, வரியும் அடிக்கடி மாறுகிறது, பேச விஷயம் கிடைக்கும்.

42 பேரைப் பிரிப்பது: வாங்குபவர் 18, உள்நாட்டு விற்பனையாளர் 14, துறைமுகம் 2, சுங்கம் 2, பதிவாளர் 3, விலை கூவுபவர் 3.

வாங்குபவர் சீட்டுகள் 157, 152, 147 என ஐந்தைந்தாகக் குறைந்து 72 வரை. விற்பவர் சீட்டுகள் 53, 58, 63 என ஐந்தைந்தாக ஏறி 118 வரை. துறைமுகத்தில் எத்தனை டின் வேண்டுமானாலும் 80 ரூபாய்க்குக் கிடைக்கும், பேரம் கிடையாது. எல்லாச் சுற்றிலும் அதே சீட்டு அதே கையில் இருக்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுற்றுக்குச் சுற்று சீட்டை மாற்றினால் "போன தடவை எனக்கு வியாபாரம் நடந்தது, இப்போது நடக்கவில்லை, ஏன்?" என்ற கேள்வியே எழாது.

விதிகள் இரண்டே. உச்ச விலைக்கு மேல் வாங்கக் கூடாது, அடக்கவிலைக்குக் கீழே விற்கக் கூடாது. பேரம் முடிந்ததும் இருவரும் பதிவாளரிடம் போய்ச் சீட்டைக் காட்டி விலையை எழுதிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். பணத்தாள் வேண்டாம், சில்லறை எண்ணுவதிலேயே நேரம் போகும்.

முதல் சுற்று, துறைமுகம் மூடல். 5 நிமிடம். இதை மட்டும் இருமுறை நடத்துங்கள். முதல் முறை விலை 85-க்கும் 125-க்கும் இடையே சிதறும், இரண்டாம் முறை 105-ஐச் சுற்றி வந்து நிற்கும். கணக்குப்படி விலை 103 முதல் 107, விற்பனை 11 டின். வாங்குபவர் ஆதாயம் என்பது உச்ச விலைக்குக் கீழே மிச்சமான பணம், விற்பவர் ஆதாயம் என்பது அடக்கவிலைக்கு மேலே கிடைத்த பணம். விலையை 105 என்று கொண்டால் வாங்குபவர் ஆதாயம் 297, விற்பவர் ஆதாயம் 297, கூட்டினால் 594.

இரண்டாம் சுற்று, துறைமுகம் திறப்பு, வரி இல்லை. விலை 80. 16 பேர் வாங்குவார்கள். உள்நாட்டார் 6 பேர் விற்பார்கள், இறக்குமதி 10. வாங்குபவர் ஆதாயம் 632, விற்பவர் 87, மொத்தம் 719.

மூன்றாம் சுற்று, டின்னுக்கு 10 வரி. விலை 90. வாங்குபவர் 14, உள்நாட்டு விற்பனை 8, இறக்குமதி 6. ஆதாயம் வாங்குபவருக்கு 483, விற்பவருக்கு 156. வரி வருமானம் 60. மொத்தம் 699.

நான்காம் சுற்று, வரி 20. விலை 100. வாங்குபவர் 12, உள்நாட்டு விற்பனை 10, இறக்குமதி 2. ஆதாயம் 354, 245. வரி வருமானம் 40. மொத்தம் 639.

இந்த எண்களில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. வரி இரட்டிப்பாகும்போது அரசு வருமானம் 60-லிருந்து 40-க்கு இறங்குகிறது. அதே நேரத்தில் நாட்டு நட்டம் 20-லிருந்து 80-க்கு, அதாவது நான்கு மடங்காக ஏறுகிறது. வரைபடத்தில் இந்த நட்டத்தைக் காட்டும் முக்கோணத்தின் அடியும் உயரமும் சேர்ந்து வளர்வதால்தான் அது. மூன்றாவதுதான் வகுப்பில் பெரிதாக வெடிக்கும்: 53 அடக்கவிலைக்காரர். அவர் டின்னுக்கு வரியே இல்லை. இருந்தும் 80-க்கு விற்ற அதே டின்னை 100-க்கு விற்கிறார். "அவன் ஏன் விலை ஏத்தணும்?" என்று ஒரு குரல் வரும். பதில் சொல்லாமல் அவரையே எழுப்பி நிறுத்திக் கேளுங்கள்.

2018 ஜனவரியில் அமெரிக்கா சலவை இயந்திரத்துக்குக் காப்பு வரி (உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடும் கூடுதல் இறக்குமதி வரி) போட்டபோது நடந்ததும் இதுவே. உள்நாட்டுத் தயாரிப்புகளும் சேர்ந்து விலை ஏறின. ஏறக்குறைய 12 சதவீதம். வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரமும் அதே அளவு ஏறியது, இரண்டையும் அங்கே சோடியாக வாங்குவார்கள் என்பதால்.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் ஒரே சாளரம் வைத்தால் கூட்டம் கூடும். வரிசைக்குப் பயந்து பிள்ளைகள் உள்நாட்டாரிடம் 84, 85 கொடுத்து வாங்கிவிடுவார்கள். அதற்காகத்தான் இரண்டு பேர். துறைமுகச் சீட்டுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்.

விலை கூவுபவர் சத்தமாகக் கூவாவிட்டால், வகுப்பின் மூலையில் நிற்கும் 53-காரர் சந்தை விலை தெரியாமல் 72 சீட்டுக்காரரிடம் 70-க்கு விற்றுவிடுவார். இறக்குமதி 10-க்குப் பதில் 11 என்று வரும். ஒன்றிரண்டு பிசகினால் விட்டுவிடுங்கள், எழுதிய கணக்கையும் நடந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சுங்க மேசையைத் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் நடுவில் போடுங்கள். டின் சீட்டோடு வரும் வாங்குபவரிடம் சுங்கம் ஒரு சிவப்புச் சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் சிவப்புச் சீட்டை எண்ணி அந்தச் சுற்றின் வரியால் பெருக்கினால் வருமானம். "வெளிநாட்டுக்காரன் கட்டுகிறான்" என்ற எண்ணம் இந்தக் கையெழுத்தில்தான் கழலும்.

மேல்நிலைப்_பொருளியல்:

மிக்க நன்றி சார். இரண்டு சந்தேகம். இதே சீட்டுகளை வைத்து ஒதுக்கீட்டளவையும் (இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்ற வரம்பை) காட்ட முடியுமா? ஒப்பீட்டுச் செலவு நன்மையை இதற்குள் கொண்டுவர முடியாது போலிருக்கிறதே?

சந்தைச்சீட்டு:

ஒதுக்கீட்டளவு சுலபம். வரியை எடுத்துவிட்டு, 6 உரிமச் சீட்டு மட்டும் அடியுங்கள். உரிமம் உள்ளவர்தான் துறைமுகத்தில் 80-க்கு எடுக்கலாம், எடுத்ததை யாருக்கும் விற்கலாம். விலை மறுபடி 90-ஐச் சுற்றியே நிற்கும். வரியில் அரசுக்குப் போன அந்த 60 இப்போது உரிமம் வைத்திருப்பவர் பைக்குள். உரிமத்தை ஒருமுறை நீங்களாக ஆறு பேருக்குக் கொடுங்கள், மறுமுறை ஏலம் விடுங்கள். ஏலத்தில் உரிமம் ஏழெட்டு ரூபாய்க்கு மேல் போகும், பணம் அரசுக்குத் திரும்பும். யாருக்கு உரிமம் கொடுப்பது என்று நீங்கள் யோசிக்கும் அரை நிமிடத்தில் உங்கள் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும். உரிம ராஜ்ஜியத்தை, அதாவது எதற்கும் அரசு உரிமம் வாங்க வேண்டியிருந்த காலத்தை, பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. உரிமம் ஏற்றுமதி செய்யும் நாட்டின் கையில் இருந்தால் அந்த 60 கடல் கடந்து போகும். 1981-இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அனுப்பும் கார்களை ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று தானே கட்டுப்படுத்திக்கொண்டபோது அப்படித்தான் போனது.

ஒப்பீட்டுச் செலவு வேறு ஆட்டம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டுமே கெடும்.

இருவர்_இருவராக:

ஒப்பீட்டுச் செலவுக்கு, அந்தக் கருத்தை விளக்கிய பொருளியலாளர் ரிக்கார்டோவின் எண்களே போதும், புதிதாக எதுவும் வேண்டாம். வகுப்பை 21 சோடியாகப் பிரியுங்கள். ஒருவர் இங்கிலாந்து, ஒருவர் போர்ச்சுகல்.

1817-இல் அவர் கொடுத்தது: இங்கிலாந்தில் துணிக்கு 100 ஆள், ஒயினுக்கு 120, போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. செலவுகளில் ஒரு பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள். இங்கிலாந்திடம் 220 ஆள். ஒரு துணிக்கு 10, ஒரு ஒயினுக்கு 12. போர்ச்சுகலிடம் 170 ஆள். துணிக்கு 9, ஒயினுக்கு 8. இரு நாட்டுக்கும் குறைந்தது 10 துணியும் 10 ஒயினும் வேண்டும். வாணிகம் இல்லாவிட்டால் இருவருக்கும் ஆள் கணக்கு மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும், சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிறகு "பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். போர்ச்சுகல் பக்கம் இருப்பவர் "இரண்டிலும் நான்தான் மலிவு, உன்னிடம் நான் எதுக்கு வாங்கணும்?" என்பார். அங்கே நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சில சோடிகள் தாமாகவே கண்டுபிடிக்கும்: இங்கிலாந்து துணி மட்டும் நெய்தால் 22, போர்ச்சுகல் ஒயின் மட்டும் செய்தால் 21, இரண்டு ஆள் மிச்சம். தேவை போக 2 துணியும் 1 ஒயினும் கூடுதல்.

பெரும்பாலான பிள்ளைகள் பத்துக்குப் பத்து என்று நியாயமாக மாற்றிக்கொண்டு முடித்துவிடுவார்கள், பேரமே நடக்காது. அதைத் தடுக்க, பத்துக்கு மேல் கையில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்று அறிவியுங்கள். அப்போது 10 ஒயினுக்கு 11 துணி, 12 துணி என்று கேட்பார்கள். 12 கொடுத்தால் இங்கிலாந்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை. மறுபக்கம் 10 துணிக்கு 11 ஒயின் கொடுத்தால் போர்ச்சுகலுக்கு ஒன்றுமில்லை. வாணிக வீதத்தின் இரு எல்லைகள் அவை. 21 சோடியின் வீதங்களையும் கரும்பலகையில் எழுதினால் எல்லாம் அந்த எல்லைகளுக்குள் அடங்கி நிற்பது தெரியும். வெளியே நிற்பது ஏதாவது இருந்தால் அந்தச் சோடி கணக்கில் தவறியிருக்கிறது.

நேரம் இருந்தால் கப்பல் கூலி சேருங்கள். ஒரு பயணத்துக்கு 1 துணி என்றால் வாணிகம் நடக்கும், 4 துணி என்றால் இருவரும் விலகிக்கொள்வார்கள். மொத்தம் 20 நிமிடம். ஆள் கணக்கைத் தாளில் போடச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, பாசிமணி என்று இறங்கினால் 390 கொட்டை எண்ண வேண்டும்.

பின்னலாடை_ஏற்றுமதி:

ஒரு எதிர்ப்பு. சந்தைச்சீட்டு கொடுத்த எண்களில் வரி எப்போதுமே நட்டம்தான். ஏனென்றால் துறைமுக விலை 80 என்று அசையாமல் ஆணி அடித்து வைத்திருக்கிறார். உலக விலையை அசைக்க முடியாத சின்ன நாட்டுக்கு அது சரி. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் என்று போட்டபோது திருப்பூரில் முதலில் வந்த பேச்சு "விலையில் எவ்வளவு குறைப்பாய்?" என்பதுதான். சட்டப்படி வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர், ஆனால் வாங்குபவர் பெரிய ஆளாக இருந்தால் சுமையில் ஒரு பங்கை விற்பவர் மேல் தள்ளப் பார்ப்பார். பிள்ளைகள் செய்தியில் பார்ப்பது இதை. உங்கள் ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

சந்தைச்சீட்டு:

சரியான கேள்வி. ஐந்தாம் சுற்றாக அதைச் சேர்க்கலாம், சீட்டு மாற்ற வேண்டியதில்லை.

வரி 20. ஆனால் துறைமுகத்துக்காரர் சரக்கு தேங்கும் என்று பயந்து தன் விலையை 80-லிருந்து 70-க்கு இறக்குகிறார். உள்ளே விலை 90. வாங்குபவர் ஆதாயம் 483, விற்பவர் 156, இறக்குமதி 6, வரி வருமானம் 120. மொத்தம் 759. வரி இல்லாத 719-ஐ விட 40 கூடுதல். பெரிய நாட்டின் வரி வாதம் இதுதான், மறைக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் நிற்கும் இருவரையும் உடனே கேளுங்கள்: முன்பு 80-க்கு 10 டின் விற்றார்கள், இப்போது 70-க்கு 6. அவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் 2018, 2019-இல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்தவர்கள், வெளிநாட்டார் விலையைக் குறைத்த அடையாளம் மிகக் குறைவு, சுமை ஏறக்குறைய முழுதும் அமெரிக்க இறக்குமதியாளர் மேலேயே விழுந்தது என்று கண்டார்கள். எஃகு போல ஒன்றிரண்டு விலக்கு உண்டு. ஆகவே 70 என்பதை விதியாகச் சொல்லாமல் "குறைத்தால் என்ன ஆகும்" என்று வையுங்கள். குறைப்பதா வேண்டாமா என்று துறைமுகத்து இருவரையே முடிவு செய்ய விடுவது இன்னும் நல்லது.

இன்னொரு மாறுபாடும் உங்கள் எதிர்ப்புக்குப் பொருந்தும். நாட்டுக்கு நட்டம் என்றால் வரி ஏன் நிலைக்கிறது? 14 விற்பனைச் சீட்டையும் மூன்றே பேர் கையில் கொடுங்கள். 20 வரியால் அந்த மூவருக்கும் சேர்த்து 158 ஆதாயம், தலைக்கு 53 போல. வாங்குபவர் இழப்பு 278, ஆனால் 16 பேருக்குப் பிரிந்து தலைக்கு 17. சீட்டை இழந்த 11 பேர் வரி வேண்டுமா என்று வாக்களிக்கும் நாடாளுமன்றம். வாதாட வருபவர் 20 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும் என்று வையுங்கள். மூவரும் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள். 17 இழப்பவர் 20 கட்டி வரமாட்டார். நான்கைந்து பேர் கூட்டாகக் கட்டலாம் என்று யாருக்காவது தோன்றினால் வாக்கெடுப்பு மாறும்.

பதிலடி:

அந்த 40 கூடுதல் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு 15 நிமிட ஆட்டம் ஒன்று போதும். குழுக்களைச் சோடி சேருங்கள். ஒவ்வொரு குழுவிடமும் இரண்டு அட்டை: குறைந்த வரி, உயர்ந்த வரி. ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். இரண்டும் குறைவு என்றால் புள்ளி 8, 8. ஒருவர் மட்டும் உயர்த்தினால் அவருக்கு 10, மற்றவருக்கு 3. இரண்டும் உயர்வு: 5, 5.

மொத்தம் எத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் கடைசிச் சுற்றில் எல்லோரும் உயர்த்துவார்கள், அது தெரிந்து அதற்கு முந்தியதிலும் உயர்த்துவார்கள். ஆறு சுற்று முடிந்ததும் பகடை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் நிறுத்தம். முதல் மூன்று சுற்றில் பேச்சு கூடாது, நான்காவதிலிருந்து ஒரு நிமிடம் பேசலாம். பேச்சுக்கு முன்னும் பின்னும் வந்த புள்ளிகளை ஒப்பிடச் சொல்லிவிட்டு, அமெரிக்கா இறக்குமதி வரிகளை உயர்த்திய 1930-இன் ஸ்மூட்-ஹாலி சட்டம், கனடாவின் பதிலடி, வரிகளைக் குறைக்க 1947-இல் 23 நாடுகள் போட்ட காட் ஒப்பந்தம் என்று பாடநூலுக்குள் போகலாம்.

மதிப்பெண்ணை இந்தப் புள்ளியோடு கட்டாதீர்கள். கட்டினால் பக்கத்துக் குழுவோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு முதல் சுற்றிலிருந்தே 8, 8 எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மேல்நிலைப்_பொருளியல்:

முதல் பீரியடில் ரிக்கார்டோ சோடியும் பதிலடியும், இரண்டாவதில் பேரச் சந்தை என்று திட்டம். கடைசியாக ஒன்று: அன்றைக்கு ஐந்தாறு பேர் வராவிட்டால் எண்கள் கெட்டுவிடாதா?

சந்தைச்சீட்டு:

கெடாது, எடுக்க வேண்டிய சீட்டைத் தெரிந்து எடுத்தால். வாங்குபவரில் 72, 77. விற்பவரில் 108, 113, 118. இந்த ஐந்தும் கணக்குப்படி எந்தச் சுற்றிலும் வியாபாரம் ஆகாதவை. ஆறாவது ஆள் குறைந்தால் விலை கூவுபவரில் ஒருவரை எடுங்கள். எல்லோரும் வந்துவிட்டால் அந்த ஐந்து சீட்டும் சுற்றுக்குச் சுற்று சும்மா நிற்கும் ஆட்கள் கையில் போகும், அவர்கள் சலித்துப்போய் விதியை மீறி விற்பார்கள். முதல் சுற்று முடிந்ததும் அவர்களைக் கணக்குப் பக்கம் இழுத்து ஆதாயம் கூட்டச் சொல்லிவிடுங்கள்.

நேரம்: விதி சொல்ல 8, முதல் சுற்று இருமுறை 10, மற்ற மூன்றும் 15, கணக்குக்கு 12. ஐந்தாம் சுற்றுக்கும் ஒதுக்கீட்டளவுக்கும் இதில் இடமில்லை. அவற்றை எண்களாக மட்டும் வீட்டுக்கணக்கு கொடுங்கள். சீட்டை அடுத்த வகுப்புக்கும் பயன்படுத்த, வாங்குபவருக்கு ஒரு நிறமும் விற்பவருக்கு ஒரு நிறமுமாக அட்டையில் எழுதிவிடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினால் இரண்டாம் சுற்றுக்குள் கசங்கிக் கலந்துவிடும்.